தெளியாத பரிசோதனையும் மார்பகச் சத்திர சிகிச்சையும்

(போடிநாயக்கனூரில் கூடிய நம் சங்கத்து மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், நம்மவர் இல்லங்களில் கதவடைத்துக்கொண்டு பேசப்படுவதாகும். மார்பிலே கட்டி கண்ட பெண்மணி அதனை மாதக்கணக்கில் மறைத்து வைப்பதும், மறைக்க இயலாத நிலை வந்தபின் மாமியாரிடம் சொல்வதும், மாமியார் மகனிடம் சொல்வதும், மகன் ஏலம் விற்ற பணம் கைக்கு வரட்டுமென்று இருப்பதும் நீங்கள் அறியாதன அல்ல. கட்டியைக் காலத்தே காட்ட வேண்டுமென்பதைப் பற்றி இச்சபையிலே முன்னரும் பலர் பேசியிருக்கின்றனர். ஆதலின் அதை நாம் மீண்டும் விரித்துரைக்கப் போவதில்லை. காட்டியாயிற்று, ஊசி குத்திச் சோதித்தாயிற்று, புற்று என்பதும் ஏறக்குறைய உறுதியாயிற்று, பெரிய சத்திர சிகிச்சை வேண்டுமென்று வைத்தியரும் கூறிவிட்டார். ஆயினும் கையிலிருக்கும் காகிதங்களில் ஒன்றிரண்டு, “தெளிவில்லை”, “மேலும் சோதிக்க” என்று முடிகின்றன. அந்த இடைக்காலத்தில் ஒரு குடும்பம் செய்யத்தக்கது யாது என்பதே இன்றைய பேச்சு.

அவ்வாறான வேளையில் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகின்றது. “எதற்கு இத்தனை சோதனை? நாளைக்கே அறுத்து எடுத்துவிடச் சொல்லுங்கள்” என்பது ஒரு கட்சி. “முடிவே தெரியவில்லையாம், அதற்குள் கத்தி வைப்பானேன்? காய் எடுப்பு முடிந்து தை பிறக்கட்டும்” என்பது மற்றொரு கட்சி. இருவரும் அன்பினாலேயே பேசுகின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் இருவரும் கேட்க மறந்த கேள்வி ஒன்றுண்டு: தெளியாத அந்த முடிவு, செய்யப்போகும் சிகிச்சையின் போக்கை மாற்றக்கூடியதா, மாற்றாததா? மாற்றுமாயின் அது தெளியும்வரை பொறுத்தல் அறிவுடைமை. மாற்றாதாயின் அதற்காக ஒரு நாளும் காத்திருக்க வேண்டுவதில்லை. இதனை வைத்தியரிடம் நேரே கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவும் ஆகாது.

இனி எந்தெந்தச் சோதனையிலே ஐயம் எழுகின்றது என்பதைச் சற்றுப் பார்ப்போம். மார்பகக் கட்டியை ஆராய்வதற்கு வைத்தியர் மூன்று வழிகளை ஒருங்கே கையாளுகின்றனர். கையால் தொட்டுப் பார்ப்பது ஒன்று. மேமோகிராம், ஸ்கேன் முதலிய படங்கள் எடுப்பது இரண்டு. ஊசியால் சதைத்துணுக்கை எடுத்து உருப்பெருக்கியில் நோக்குவது மூன்று. இம்மூன்றும் ஒன்றையே சொன்னால் கவலையில்லை. படம் புற்றென்று சொல்லி, ஊசி புற்றில்லை என்று சொன்னால், நல்ல சொல்லையே நம்புவோம் என்று வீடு திரும்பிவிடலாகாது. ஊசி கட்டியின் ஓரத்திலே பட்டிருக்கலாம். மறுமுறை சதை எடுத்தே தீர வேண்டும்.

புற்று என்று தேர்ந்தபின் அச்சதையின்மேல் வேறு சில சோதனைகள் நடைபெறும். ஈ.ஆர்., பி.ஆர். என்னும் இரண்டும், அக்கட்டி பெண்மைச் சுரப்புகளால் வளர்வதா என்பதைக் காட்டும். ஹெர்-2 என்னும் மூன்றாவது, கட்டியின் அணுக்களில் ஒருவகைப் புரதம் மிகுதியாக இருக்கின்றதா என்பதைக் காட்டும். இம்மூன்றாவதிலேதான் பெரும்பாலும் குழப்பம் நேர்கின்றது. அதன் முடிவைப் பூஜ்யம், 1+, 2+, 3+ என்று எழுதுவர். பூஜ்யமும் 1+-உம் இல்லை என்னும் கணக்கிலே வைக்கப்பெறும். 3+ உண்டு என்பதாகும். 2+ என்று வந்தால் உண்டென்றும் சொல்வதற்கில்லை, இல்லையென்றும் சொல்வதற்கில்லை. அப்போது ஃபிஷ் என்னும் வேறொரு சோதனையால், அப்புரதத்தைப் பிறப்பிக்கும் மரபணு அணுவினுள் பெருகியிருக்கின்றதா என்று எண்ணிப் பார்க்கின்றனர். மீன் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்போல் ஒலிப்பதால் நம் வீட்டுப் பெரியோர் சிலர் இதனை வேடிக்கையாக எண்ணுவதுண்டு, சோதனை வேடிக்கையன்று. சதை பெருநகரத்துச் சோதனைச்சாலைக்குச் சென்று முடிவு வர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம்.

அந்த ஒன்றிரண்டு வாரம் வீணோ எனின், பெரும்பாலும் வீணன்று. டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து அமெரிக்காவில் 1998-ம் வருஷத்தில் அனுமதி பெற்றபின், ஹெர்-2 மிகுந்த புற்றின் தலைவிதியே மாறிப்போயிற்று. கட்டி 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதாகவோ, அக்குளின் நிணநீர்க் கணுக்களில் பரவியதாகவோ இருந்து, ஹெர்-2 உண்டென்றும் தெரிந்தால், வைத்தியர் முதலில் கத்தியை எடுப்பதில்லை. சில மாதங்கள் மருந்து செலுத்திக் கட்டியைச் சுருக்கிய பின்னரே சத்திர சிகிச்சைக்கு நாள் குறிப்பர். மூன்று சோதனையும் இல்லை என்று வந்த கட்டிக்கும் பலவேளைகளில் இதே முறைதான். மருந்து முன்னே செல்வதால் முழு மார்பகத்தையும் எடுக்க வேண்டியவருக்குக் கட்டியை மட்டும் எடுத்தால் போதுமென்ற நிலை வருவதுண்டு. கட்டி எவ்வளவு கரைந்தது என்பதைக் கொண்டு, பின்னர் எந்த மருந்து தருவது என்றும் தீர்மானிக்கின்றனர். அவசரப்பட்டு முதலிலேயே அறுத்தெடுத்துவிட்டால் அந்த அறிவு கிடைக்காமற் போகும். ஆகவே 2+ என்னும் காகிதத்தை வைத்துக்கொண்டு ஃபிஷ் முடிவுக்காகப் பொறுத்திருக்கும் வைத்தியரைத் தாமதம் செய்கின்றாரென்று தூற்றுவது நியாயமாகாது.

மலையடிவாரத்தில் வாழும் நமக்கென்றே ஒரு சங்கதியை இங்குச் சொல்ல வேண்டும். உடலிலிருந்து எடுத்த சதைத்துணுக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலின் என்னும் திரவத்தில் இடப்பட வேண்டும். அதில் 6 மணிக்குக் குறையாமலும் 72 மணிக்கு மேற்படாமலும் ஊற வேண்டும். இந்த வரம்பு தவறினால் ஈ.ஆர்., ஹெர்-2 முதலிய சோதனைகளின் முடிவு பிசகக்கூடும். உள்ளது இல்லையென்று காட்டவும் கூடும். சதை எடுத்தது ஓரூரிலும், சோதிப்பது வேறோர் ஊரிலுமாக இருந்து, இடையில் ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகையும் வந்து, பாட்டில் பஸ்ஸிலோ கூரியர் அலுவலகத்திலோ கிடந்தால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே எடுத்த நேரத்தைக் காகிதத்தில் குறித்துத் தரும்படி கேட்டுக்கொள்ளுதல் நலம். முடிவில் ஐயம் இருந்தால், மெழுகுக் கட்டியில் பதித்து வைத்த சதையையும் கண்ணாடிச் சில்லுகளையும் கேட்டு வாங்கி, வேறொரு பெரிய ஆஸ்பத்திரியின் நோயியல் நிபுணரிடம் காட்டலாம். ‘பிளாக்’ என்றும் ‘ஸ்லைடு’ என்றும் கேட்டால் எல்லா இடத்திலும் புரியும். அவற்றைக் கேட்டுப் பெறுவதால் எந்த வைத்தியரும் அவமானமடைவதில்லை. வாங்கி வந்ததைச் சமையலறை அலமாரியில் வெப்பம் படும்படி வைக்காதிருத்தல் நம் பொறுப்பு.

இரண்டாவது வகை ஐயம் படங்களால் எழுவது. பெட் ஸ்கேன் என்னும் படத்தில் நோயுள்ள இடங்கள் ஒளிர்ந்து தோன்றும். மார்பகத்தோடு நுரையீரலிலும் ஒரு சிறு புள்ளி ஒளிர்ந்ததென்று காகிதத்தில் கண்டவுடன், பரவிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டிலே அழுகை தொடங்கிவிடுகின்றது. அன்பர்களே! நம் நாடு க்ஷயரோகம் மிகுந்த நாடு. என்றோ வந்து ஆறிய க்ஷயத்தின் வடுவும், இன்னும் ஆறாத க்ஷயமும், வேறு சில அழற்சிகளும் அப்படத்தில் ஒளிர்வதுண்டு. ஒளிர்வதெல்லாம் புற்றாகிவிடாது. ஆனால் புற்று உடலெங்கும் பரவியிருக்குமாயின் மார்பகத்தை அறுப்பதால் விளையும் பயன் குறைவு. முதன்மையான சிகிச்சை மருந்தே ஆகும். ஆகையால் இது கத்தியின் போக்கை மாற்றும் ஐயங்களில் ஒன்று. ஊசியால் அவ்விடத்துச் சதையை எடுக்க இயலுமா, இயலாத அளவு சிறிதாயின் சில வாரம் மருந்து தந்து மீண்டும் படமெடுத்துப் பார்க்கலாமா என்று வைத்தியர் சொல்வதைக் கேட்டு நடப்பதே தக்கது.

மூன்றாவது, பரம்பரையைப் பற்றியது. பி.ஆர்.சி.ஏ. என்று பெயரிய இரண்டு மரபணுக்களை 1994, 1995-ம் வருஷங்களில் கண்டறிந்தனர். இவற்றில் கேடு இருக்குமாயின் மார்பகத்திலும் சூலகத்திலும் புற்று வரும் வாய்ப்பு மிகுதி. இளவயதில் நோய் கண்டவருக்கும், குடும்பத்தில் பலர்க்கு இருந்தவருக்கும் இச்சோதனையைச் செய்கின்றனர். வைத்தியர் விசாரிக்கும்போது நம் பெண்கள் தாய், சித்தி, பெரியம்மா, அம்மாச்சி ஆகியோரை மட்டுமே சொல்லுகின்றனர். அத்தையும் அப்பத்தாளும் விடுபட்டுப் போகின்றனர். இந்தக் கேடு தந்தை வழியாகவும் வரக்கூடியது. தந்தைக்கு நோய் இல்லாதிருந்தும் மகளுக்கு வரலாம். ஆதலால் இரு வழியையும் சொல்ல வேண்டும். இச்சோதனையிலும் சில வேளை, மரபணுவில் ஒரு மாறுதல் காண்கின்றோம், அதன் பொருள் இன்னும் தெரியவில்லை என்று முடிவு வரும். அதைக் கண்டு அஞ்சி, நோயில்லாத மற்றொரு மார்பகத்தையும் எடுத்துவிடும்படி வேண்டுவோர் உளர். பொருள் தெரியாத அத்தகைய மாறுதலைக் கொண்டு அறுவைக்குத் தீர்மானிக்கக் கூடாதென்பதே இத்துறை வல்லார் கொள்கை. இவ்வகை மாறுதல்களிற் பல, பின்னாளில் தீங்கற்றவை என்று தெளியக் காண்கின்றோம்.

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, முற்காலத்தில் ஒரே நாளில் முடித்துவிடவில்லையா என்று கேட்பாருக்கு ஒரு சரித்திரம் சொல்வோம். அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்னும் சத்திர வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலே பரப்பிய முறைப்படி, மார்பகத்தோடு அதன் கீழுள்ள தசைகளையும் அக்குளின் கணுக்களையும் ஒருசேர எடுத்துவிடுவர். முக்கால் நூற்றாண்டு காலம் அதுவே வழக்கமாயிருந்தது. கட்டி புற்றா அல்லவா என்று அறியாமலே ஒரு ஸ்திரீ மயக்கத்தில் ஆழ்வாள்; மயக்கத்திலிருக்கையிலேயே சதையைச் சோதிப்பர்; புற்றென்று கண்டால் அப்போதே எல்லாவற்றையும் எடுத்துவிடுவர். கண் விழித்துத் தன் மார்பைத் தடவிப் பார்த்தே தனக்கு வந்த நோய் இன்னதென்று அவள் அறிவாள்.

1974-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 28-ந் தேதி, அந்நாட்டு அதிபரின் மனைவியார் பெட்டி ஃபோர்டு அம்மையாருக்கு அவ்வாறே நிகழ்ந்தது. அதே வருஷத்தில் தாமும் மார்பகப் புற்றுக்கு ஆளாகியிருந்த ரோஸ் குஷ்னர் என்னும் பத்திரிகை எழுத்தாளர், சோதனை ஒரு நாளும் சிகிச்சை வேறொரு நாளுமாக நடத்த வேண்டுமென்று தம் விஷயத்தில் வைத்தியரிடம் வாதாடிப் பெற்றவர். அவர் அதிபர் மாளிகைக்குத் தொலைபேசியில் பேசி, அம்மையாருக்கும் அவ்வாறே செய்யும்படி வேண்டியபோது, அதிபர் தீர்மானித்துவிட்டார் என்னும் பொருள்பட விடை வந்ததாகச் சொல்லியிருக்கின்றார். தீர்மானம் யாருடைய உடலைப் பற்றியது, செய்தவர் யார் என்பதைக் கவனியுங்கள். கடல் கடந்த தேசத்து மாளிகையிலும் நம் தெருவிலும் வழக்கம் ஒன்றாகவே இருந்திருக்கின்றது! பெட்டி ஃபோர்டு அம்மையார் தம் நோயை மறைக்காமல் உலகறியச் சொன்னதனால் எண்ணற்ற பெண்கள் தம்மைச் சோதித்துக்கொள்ள முன்வந்தனர் என்பதையும் மறத்தலாகாது. அவர் சிகிச்சை பெற்று வாழ்ந்து 2011-ம் வருஷத்தில் தமது 93-வது வயதிலே காலமானார்.

1979-ம் வருஷம் ஜூன் மாதத்தில் அமெரிக்க அரசாங்கத்தின் சுகாதார ஆராய்ச்சி நிலையம் நிபுணர்களைக் கூட்டி ஆலோசித்தபோது, குஷ்னர் அம்மையாரும் அக்குழுவில் ஓர் அங்கத்தினராக அமர்ந்திருந்தார். சோதனையும் சிகிச்சையும் பெரும்பாலும் தனித்தனி நாளில் நடைபெற வேண்டுமென்றே அக்குழு முடிவு செய்தது. பெர்னார்டு ஃபிஷர் என்னும் சத்திர வைத்தியரோ, 1976-ம் வருஷம் தொடங்கி ஆயிரத்தெண்ணூற்றுக்கு மேற்பட்ட பெண்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்தினார். முழு மார்பகத்தை எடுத்தவரும், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சுப் பெற்றவரும் ஒரே அளவு ஆயுளோடு வாழ்ந்தனர் என்பதை, 20 வருஷம் காத்திருந்து 2002-ல் நிலைநாட்டினார். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் பயமில்லை என்று நாம் எண்ணுவது இயல்பேயாயினும், உண்மை அவ்வாறு இல்லை.

இதனால் காத்திருப்பதே மேல் என்று ஒருவரும் கொள்ள வேண்டாம். 2020-ம் வருஷத்தில் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகை ஒன்றில், பல தேசத்து ஆராய்ச்சிகளைத் தொகுத்துக் கணக்கிட்டு வெளியிட்டனர். மார்பகப் புற்றின் சத்திர சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போகுந்தோறும் மரண அபாயம், முன்னிருந்த அளவினின்று நூற்றுக்கு எட்டு வீதம் கூடுவதாக அதிலே கண்டனர். சோதனை தெளிவதற்காகச் செல்லும் இரண்டு வாரம் வேறு. ஆடியிலே சொன்ன சிகிச்சையைக் காய் எடுப்பை முன்னிட்டுத் தைக்குத் தள்ளுவது வேறு. மலையிலே ஏலம் ஒரே தடவையாகப் பழுத்துவிடுவதில்லை. ஒருமுறை எடுத்த செடியில் ஒரு மாதம் சென்று மறுமுறை எடுக்க வேண்டும். இந்த எடுப்போடு போகட்டும், அடுத்த எடுப்போடு போகட்டும் என்று சொல்லிக்கொண்டே போனால் அதற்கு ஓர் எல்லையில்லை. தோட்டத்துக்கு ஆள் குறைந்தால் கூலிக்கு வேறு ஆள் கிடைப்பர்.

இனி உடலை ஆயத்தம் செய்வதைப் பற்றிச் சொல்வோம். காத்திருக்கும் நாட்களிலே செய்ய வேண்டிய வேலை இதுவே. ஜப்பானில் ஹனவோகா சேஷூ என்னும் வைத்தியர், 1804-ம் வருஷம் அக்டோபர் மாதம் 13-ந் தேதி, மூலிகைகளால் தாம் ஆக்கிய மயக்க மருந்தைக் கொடுத்து அறுபது வயது மூதாட்டி ஒருவரின் மார்பகப் புற்றை அறுத்தெடுத்தார். மேல்நாட்டில் ஈதர் மயக்கம் பிரசித்தமானது அதற்கு நாற்பது வருஷத்துக்குப் பிற்பாடு. அந்த மூதாட்டிக்கு இரைப்பும், பெரிபெரி என்னும் சத்துக்குறை நோயும் இருந்தன. அவற்றுக்கு முதலில் சிகிச்சை செய்து உடலைத் தேற்றிய பின்னரே அவர் கத்தியை எடுத்தார். இருநூறு வருஷத்துக்கு முன் மலைநாட்டு வைத்தியர் ஒருவர் கைக்கொண்ட அந்நிதானம் இன்றும் வேண்டற்பாலது.

நம் பெண்களிற் பலர் இரத்தக் குறைவு உடையவர்கள். அதனை மூன்று வாரத்துக்கு முன்னமே கண்டால் மருந்தாலும் ஊசியாலும் சரிசெய்யலாம். முதல் நாள் கண்டால் இரத்தம் ஏற்றுவதைத் தவிர வழியில்லை. நீரிழிவு உள்ளவர் சர்க்கரையை அடக்கி வைக்காவிடின் புண் ஆறாது. ஆஸ்பிரின் போன்று இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரைகளையும், நாட்டு மருந்துகளையும், மறைக்காமல் மயக்க வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்; எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பது அவர் பொறுப்பு. உபவாசத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. முதல் நாள் மாலையிலிருந்தே பச்சைத் தண்ணீரும் தராமல் பட்டினி போடுகின்றனர். பொதுவான விதி, திட உணவுக்கு ஆறு மணி நேரமும், தெளிந்த நீருக்கு இரண்டு மணி நேரமுமே. நீரிழிவு முதலியன உள்ளவருக்கு விதி மாறலாமாதலின், ஆஸ்பத்திரியார் குறித்துக் கொடுக்கும் நேரத்தையே பின்பற்றுக.

வெற்றிலையோடு புகையிலை மெல்லும் வழக்கம் தோட்டத்துப் பெண்களிடம் மிகுதி. மார்பகத்தை எடுத்தபின் அவ்விடத்தில் வயிற்றுச் சதையையோ முதுகுச் சதையையோ கொண்டுவந்து புதிதாக உருவமைக்கும் பெரிய சிகிச்சை ஒன்று உண்டு. முதுகுத் தசையைக் கொண்டு மூடும் முறையைத் தான்சினி என்னும் இத்தாலிய வைத்தியர் 1906-லும், வயிற்றுச் சதையைக் கொண்டு செய்யும் முறையை ஹார்ட்ராம்ப் என்னும் அமெரிக்கர் 1982-லும் வெளியிட்டனர். பல மணி நேரம் நடக்கும் இச்சிகிச்சையில், இடம்பெயர்ந்த சதை பிழைப்பதற்கு மயிரிழை போன்ற இரத்தக் குழாய்களே ஆதாரம். புகையிலையின் நஞ்சு அக்குழாய்களைச் சுருக்கும். சதை கருகிப்போகவும் கூடும். ஆகவே நாள் குறித்த அன்றே புகையிலையை விட்டுவிட வேண்டும். பீடி பிடிக்கும் ஆடவரும் அவள் படுத்திருக்கும் அறையில் புகைக்காதிருப்பார்களாக.

அக்குளைப் பற்றி நாம் தனியே கேட்க வேண்டிய கேள்வி உண்டு. முன்னாளில் அங்குள்ள கணுக்கள் அனைத்தையும் எடுத்துவிடுவர். அதனால் பலருக்குக் கை வீங்கி, நாளடைவில் பாரமாகிவிடும். இந்நாளில் நீல மையோ, கதிர்வீச்சுள்ள திரவமோ செலுத்தி, புற்று முதலில் சென்று சேரும் காவற்கணுவை மட்டும் கண்டெடுத்துச் சோதிக்கின்றனர். அதில் நோயில்லையேல் மற்றவற்றைத் தொடுவதில்லை. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சுப் பெறுவோருக்கு, ஒன்றிரண்டு கணுவில் நோயிருந்தாலும் எல்லாவற்றையும் எடுக்க வேண்டுவதில்லை என்று 2011-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. ஆயினும் சிகிச்சை நடக்கும்போதே உறையவைத்துப் பார்க்கும் அவசரச் சோதனை ஒன்று சொல்ல, சில நாள் கழித்து வரும் முழுச்சோதனை வேறு சொல்லலாம். கட்டியின் ஓரத்தில் புற்று மீதியிருப்பதாகவும் காணலாம். இரண்டாம் முறை அறுவை வேண்டியிருக்கும் என்பதை முன்னமே அறிந்திருப்பவர் கலங்கமாட்டார். அறியாதவர் வைத்தியர் ஏமாற்றிவிட்டாரென்று எண்ணுவர்.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதன்று. தூரிலிருந்து தரையோடு படரும் சரத்தில் காய்ப்பது. நாள் முழுதும் ஈரத்தில் குந்தியிருந்து இரு கையாலும் பொறுக்க வேண்டும். நிறைந்த கூடையைச் சுமந்து நடக்க வேண்டும். ஆகையால் போடிமெட்டுக் கணவாய் ஏறி ஜீப்பிலே மலைக்குச் சென்று வரும் பெண், தன் தொழில் இன்னதென்று சத்திர வைத்தியரிடம் விளங்கச் சொல்ல வேண்டும். முதுகுத் தசையை எடுப்பதா, வயிற்றுச் சதையை எடுப்பதா, உருவமைப்பே வேண்டாமா என்பதில் அவள் தொழிலுக்கும் இடமுண்டு. வீட்டுப் பெண்ணென்று மட்டும் காகிதத்தில் எழுதிவிட்டால் அவ்வைத்தியர் எப்படி அறிவார்? கணுக்களை எடுத்த கையில் முள் கீறினாலும், பூச்சி கடித்துச் சிவந்தாலும் அன்றே காட்ட வேண்டும். ஆனால் அந்தக் கையை அசைக்காமலே வைத்திருப்பதும் தவறு. கற்றுக்கொடுத்த அப்பியாசங்களைப் படிப்படியாகச் செய்துவரின் கை தேறும்.

கதிர்வீச்சையும் முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டும். கட்டியை மட்டும் எடுத்துக்கொள்வோருக்கு அது பெரும்பாலும் இன்றியமையாதது. பல இடங்களில் மூன்று வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்னும் அளவிலே தரப்படுகின்றது. மார்பகத்தைக் காத்துக்கொள்ளலாமென்று மகிழ்ந்து சம்மதித்துவிட்டு, அதன்பின் மதுரைக்குப் போய்வர இயலாதென்று கதிர்வீச்சை விட்டுவிடுவது பெரும் அபாயம். போடியிலிருந்து மதுரை சுமார் 90 கிலோமீட்டர். 1928-ல் வந்த இரயில், அகலப் பாதை போடுவதற்காக 2010-ல் நின்று, 2023-ம் வருஷம் ஜூன் மாதத்தில் மீண்டும் போடிக்கு வந்திருக்கின்றது. ஆயினும் நாள்தோறும் போய்வருவதினும், அங்குள்ள உறவினர் வீட்டில் தங்கியிருக்க ஏற்பாடு செய்துகொள்ளுதல் உத்தமம். காகித விஷயத்தையும் இப்போதே முடித்துக்கொள்க. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குத் தமிழ்நாட்டு ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் வேண்டும். மலைக்கு அப்பால் இடுக்கி ஜில்லாவில் கார்டு வைத்திருக்கும் குடும்பத்தார், ஆஸ்பத்திரி வாசலில் நின்று திகைக்கும்படி விட்டுவிடாமல் முன்னரே விசாரித்தறிய வேண்டும்.

எங்கே செல்வது என்று கேட்போருக்கு நாம் ஒரு பெயரைச் சுட்டப் போவதில்லை. தேனி அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும், மதுரை அரசாங்க இராஜாஜி ஆஸ்பத்திரியும் நமக்கு அருகில் உள்ளன. சென்னை அடையாற்றில், டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி அம்மையார் தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தினின்று எழுந்து, 1954-ல் தோற்றுவித்த புற்றுநோய் நிலையம் இருக்கின்றது. அவர் குமாரர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021-ல் காலமான டாக்டர் சாந்தா அம்மையாரும் ஆயுள் முழுதும் அதற்கே உழைத்தனர். முற்றிய மார்பகப் புற்றுக்குக் கத்திக்கு முன்னரே மருந்தும் கதிரும் தரும் முறையை அங்கே நெடுங்காலம் கையாண்டு, அதன் பலனையும் எழுதி வெளியிட்டிருக்கின்றனர். எங்குச் சென்றாலும், சத்திர வைத்தியர், மருந்து வைத்தியர், கதிர்வீச்சு வைத்தியர், நோயியல் நிபுணர் ஆகிய நால்வரும் கூடியமர்ந்து ஐயமுள்ள காகிதத்தைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஒருவர் மட்டும் பார்த்துச் சொன்னதைக் காட்டிலும் அக்கூட்டத்தின் முடிவு உறுதியானது.

கடைசியாகச் சம்மதப் பத்திரம். அதில் கையெழுத்திட வேண்டியவள் நோயாளி. கணவர், “நான் போட்டுத் தருகிறேன், அவளுக்கு ஒன்றும் தெரியாது” என்று முன்வருவது பலமுறை நாம் கண்டது. பிரக்ஞையோடிருக்கும் வயது வந்த ஸ்திரீக்கு அவள் சம்மதமே சம்மதம். தெரியாதென்றால் தெரிவிக்க வேண்டும். நோயின் பெயரையும் சேர்த்தே தெரிவிக்க வேண்டும். பத்திரத்தை முதல் நாளே வாங்கி, தமிழில் படித்துக் காட்டச் செய்து, இடம் வலம் சரியா என்று பார்த்து, மயக்கத்திலிருக்கும்போது எதிர்பாராதது கண்டால் எதுவரை செய்யலாம், எதை அவள் விழித்தபின் கேட்டே செய்ய வேண்டும் என்பதை அதிலேயே எழுதச் சொல்லலாம். காவற்கணுவில் நோய் கண்டால் மற்றக் கணுக்களை எடுக்கச் சம்மதம், முழு மார்பகத்தையும் எடுப்பதாயின் வேறொரு நாள் என்று ஒருத்தி எழுதலாம். எல்லாம் ஒரே முறையில் முடியட்டும், இரண்டாம் மயக்கம் வேண்டாமென்று மற்றொருத்தி எழுதலாம். இரண்டும் தகும். வைத்தியரைக் காணச் செல்லும்போது கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, எழுதப்படிக்கத் தெரிந்த ஒருவரை உடனழைத்துச் சென்று, விடைகளையும் அத்தாளிலேயே குறித்து வாருங்கள். மலைத் தோட்டத்திலுள்ள சகோதரிகளுக்குத் துணை வேண்டுமாயின், காரியதரிசி அம்மையாரிடம் பெயரைக் கொடுத்துவிட்டுச் செல்க. மதுரைக்கு உடன் வர நம்முள் சிலர் இசைந்திருக்கின்றோம்.